கொழுப்பு ஊசி ஆய்வு முடிந்ததும் கைவிடப்பட்டவர்களை இன்றே அழைத்து எச்சரிக்கக் கோருதல்

அனுப்புநர்:
ஐ. கலைமதி, எம்.எஸ்சி., பி.எட்.,
(லேட்) ரா. ஐயனார் அவர்களின் மனைவி,
அறிவியல் ஆசிரியை,
கடைவீதி, அன்னவாசல்,
இலுப்பூர் வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
புதுக்கோட்டை.

நகல்:
இணை இயக்குநர் அவர்கள்,
மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள்,
புதுக்கோட்டை.

பொருள்: புதுக்கோட்டை நகரில் இயங்கும் செங்காந்தள் இதய மருத்துவமனை நடத்திய கொழுப்புக் குறைப்பு ஊசி ஆய்வு – ஆய்வை முடித்தபோது, தொடர்ந்து சாப்பிட வேண்டிய மாத்திரை பற்றிப் பங்கேற்றவர்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் அனுப்பியது – என் கணவரின் இறப்பு – இன்னும் விவரம் அறியாமல் மாத்திரையின்றி நடமாடும் மற்றவர்களை உடனடியாகக் கண்டறிந்து காப்பாற்றக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இலுப்பூரில் உள்ள ஒரு தனியார் பள்ளியில் பதினைந்து ஆண்டுகளாக அறிவியல் பாடம் நடத்தி வருகிறேன். மனு எழுதும் முறை எனக்குத் தெரியும். கோபத்தை உள்ளே வைத்துக்கொண்டு மரியாதையான சொற்களை மட்டும் வெளியே அனுப்ப வேண்டும் என்பதும் தெரியும். அப்படி எழுத முயன்று பல தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டேன். எங்கேனும் சொல் தடித்திருந்தால், அது தங்கள் மீதோ தங்கள் அலுவலகத்தின் மீதோ அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே தெரிவித்துக்கொள்கிறேன்.

2. என் கணவர் ஐயனார், அன்னவாசல் கடைவீதியில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை நடத்தி வந்தார். அதற்கு முன் ஷார்ஜாவில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தார். அங்கே செய்த மருத்துவப் பரிசோதனையில்தான் அவர் இரத்தத்தில் கொழுப்பு அளவு மிக அதிகம் என்பது முதன்முதலில் தெரிந்தது. அவர் மெலிந்த உடல்வாகு உடையவர். குடிப்பழக்கமோ புகைப்பழக்கமோ இல்லாதவர். ஆனால் கைமுட்டிகளிலும், குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணிலும் சிறுவயதிலிருந்தே கட்டி கட்டியாக இருக்கும். வேலை செய்து காய்த்துப்போனது என்றே எல்லோரும் எண்ணியிருந்தோம்.

அவருடைய தந்தை ராக்கன், கடலைக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்தபோதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து இறந்தவர். அப்போது அவருக்கு நாற்பத்து மூன்று வயது. என் கணவரின் அண்ணன், உறவினர் வீட்டுக் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்தபோது இறந்தார். அவர் நாற்பதைக்கூடத் தொடவில்லை. கருப்பர் கோயிலுக்குச் செய்ய வேண்டியது ஏதோ பாக்கி இருக்கிறது, அதனால்தான் இந்தக் குடும்பத்து ஆண்கள் நிலைப்பதில்லை என்று உறவில் பேசிக்கொள்வார்கள். இரண்டு முறை கிடா வெட்டிப் படையலும் போட்டார்கள்.

3. 2023ஆம் ஆண்டு மேற்படி மருத்துவமனை, அன்னவாசலில் ஒரு திருமண மண்டபத்தில் இலவச இதயப் பரிசோதனை முகாம் நடத்தியது. முகாமுக்கு வந்திருந்த மருத்துவர் சரவணக்குமார் என் கணவரின் குதிகாலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, குடும்பத்தில் யாரேனும் இளம் வயதில் இறந்தார்களா என்று கேட்டார். விவரம் கேட்டபின், இது பரம்பரையாக வரும் கொழுப்பு நோய் என்றும், பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு வர வாய்ப்புண்டு என்றும், சாப்பாட்டால் வருவதல்ல என்றும் விளக்கினார்.

எங்கள் குடும்பத்தில் இரண்டு தலைமுறையாக யாருக்கும் தெரியாத காரணத்தை அவர்தான் சொன்னார். அதற்கு நான் இன்றும் நன்றி உடையவள். இதை ஏன் எழுதுகிறேன் என்றால், ஆய்வு என்றாலே மனிதர்களை எலியாக்குவது என்று கூச்சலிடும் கூட்டத்தைச் சேர்ந்தவளாக என்னைத் தாங்கள் எண்ணிவிடக் கூடாது. பாடப்புத்தகத்தில் உள்ள ஒவ்வொரு மருந்தும் யாரோ சிலர் முன்வந்து உடம்பைக் கொடுத்ததால் கிடைத்தது என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பவள் நான்.

4. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கண்டுபிடித்திருக்கும் புதிய ஊசி, கெட்ட கொழுப்பை வெகுவாகக் குறைக்கிறது என்றும், அதை எத்தனை வாரத்துக்கு ஒருமுறை போட்டால் போதும் என்று பார்ப்பதற்கே இந்த ஆய்வு என்றும், பங்கேற்கும் எல்லோருக்கும் உண்மையான மருந்துதான் தரப்படும், தண்ணீர் ஊசி யாருக்கும் இல்லை என்றும் மருத்துவர் சொன்னார். என் கணவர் நிறைய கேள்விகள் கேட்டார். பிறகு முழு மனதோடு சம்மதித்தார். அன்று வீட்டுக்கு வந்ததும், “எங்க அப்பாவுக்கும் அண்ணனுக்கும் கெடைக்காதது எனக்குக் கெடச்சிருக்கு கலை. நான் போயிட்டு வாரேன். நாளைக்கு நம்ம புள்ளைக்கும் இது ஒதவும்” என்று சொன்னார்.

இவ்விடத்தில் ஒரு விவரத்தைத் தாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டும். அதுவரை அவர் ஒரு கொழுப்பு மாத்திரையைத் தினமும் சாப்பிட்டு வந்தார். ஆய்வில் சேர்ந்த அன்று, “இனிமே வெளியில வாங்கிச் சாப்புட வேணாம், மாத்திரையும் நாங்களே குடுத்துருவோம்” என்று சொல்லி, கையில் இருந்த பழைய அட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். அதே வகை மாத்திரையை, ஆனால் கூடுதல் அளவில், ஆய்வின் பெயர் ஒட்டிய வெள்ளைப் புட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். ஆக ஊசியும் அவர்களிடமிருந்து வந்தது, மாத்திரையும் அவர்களிடமிருந்தே வந்தது. இரண்டும் ஆய்வுக்குச் சொந்தமானவை என்றுதான் எவரும் எண்ணுவார்கள்.

5. மருந்து வேலை செய்தது. இதை மறைக்க எனக்கு எந்தக் காரணமும் இல்லை. முந்நூறை நெருங்கியிருந்த கெட்ட கொழுப்பு எழுபதுக்கும் கீழே வந்தது. கைமுட்டியில் இருந்த கட்டிகள்கூடச் சற்றுச் சுருங்கின. பட்டறைக்கு வருபவர்களிடமெல்லாம் கையை நீட்டிக் காட்டுவார். மருத்துவமனை வேன் அன்னவாசல் பேருந்து நிலையத்துக்கு வந்து அழைத்துச் செல்லும் நாளில், திருவிழாவுக்குப் போகிறவர் போலச் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு போவார். அந்த வேனில் வருபவர்கள் எல்லாம் அவருக்கு உறவுபோல ஆகிவிட்டார்கள். மருத்துவமனையும் அவருடைய முன்னேற்றத்தைச் சென்னையில் நடந்த ஒரு மருத்துவர் மாநாட்டில் படத்துடன் காட்டியதாக அவரிடமே சொல்லி மகிழ்ந்தது.

6. 2025 ஜூன் மாதம், அந்த வெளிநாட்டு நிறுவனம் தன் வணிகக் காரணங்களுக்காக ஆய்வை இடையிலேயே முடித்துக்கொண்டது. மருந்தில் எந்தக் கோளாறும் இல்லை. வேறு மருந்தில் முதலீடு செய்ய முடிவெடுத்துவிட்டார்களாம். பங்கேற்றவர்களைக் கடைசி முறையாக அழைத்தார்கள். இரத்தம் எடுத்தார்கள். இதயப் படம் எடுத்தார்கள். மீதமிருந்த மாத்திரைகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஆளுக்கொரு டிபன் கேரியரும் சால்வையும் கொடுத்தார்கள். மருத்துவர் சரவணக்குமார் எல்லோருக்கும் நன்றி சொல்லிப் பேசினார்.

அன்று நானும் உடன் சென்றிருந்தேன். ஆய்வு ஒருங்கிணைப்பாளராக இருந்த அருணா என்ற பெண் என் கணவரிடம் சொன்ன சொற்களை நான் என் காதால் கேட்டேன்: “அண்ணே, ஒங்களுக்குக் கொழுப்பு சூப்பரா கொறஞ்சிருச்சு. ஆய்வு முடிஞ்சு போச்சு. இனிமே நீங்க இங்கிட்டு வர வேணாம்.”

“அப்ப மாத்திரை?” என்று என் கணவர் கேட்டார்.

“அதுவும் முடிஞ்சிருச்சுண்ணே. இனிமே இங்கேருந்து எதுவும் கெடையாது” என்றார் அந்தப் பெண்.

இவ்வளவுதான் ஐயா. இதைக் கேட்டு ஒரு மனிதன் என்ன புரிந்துகொள்வான்? குறைந்துவிட்டது, முடிந்துவிட்டது, வர வேண்டாம். நோய் தீர்ந்துவிட்டது என்றே அவர் எடுத்துக்கொண்டார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை, பல மாதங்களுக்குப் பிறகு, வீட்டில் ஆட்டுக்கறி சமைத்தோம். அடுத்த வாரமே, “நல்லா இருக்குறப்ப எதுக்கு ஆசைக்குக் கெடுத்துக்கணும்” என்று அவரே பழைய பத்தியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிட்டார்.

7. அதே ஆண்டு ஐப்பசியில் ஒரு நாள் காலை, ஒரு விவசாயி கொண்டுவந்த கிணற்று மோட்டாரைத் தூக்கி மேசையில் வைத்தவர், அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரர்கள் எனக்குத் தகவல் சொல்லி, 108 வண்டியில் ஏற்றினார்கள். வண்டியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இது அது இல்ல கலை. அதான் சரியாயிருச்சுல்ல, இது வாயுவாத்தான் இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் தைரியம் சொல்வதற்காக அல்ல. அவர் உண்மையாகவே அப்படி நம்பினார்.

புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் பணியில் இருந்த இளம் மருத்துவர், அவரைக் காப்பாற்ற எல்லாவற்றையும் செய்தார். இடையில் என்னிடம் வந்து, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்டார். “எதுவும் இல்ல சார். கொழுப்பு இருந்துச்சு, அது சரியாயிருச்சு” என்றேன். அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு மறுபடி உள்ளே போய்விட்டார்.

எல்லாம் முடிந்தபின் அவரே வெளியே வந்து என் அருகில் உட்கார்ந்தார். “அம்மா, இந்த நோவு சரியாகாதும்மா. மாத்திரை சாப்புடுற வரைக்கும் அடங்கி இருக்கும். கடைசி வரைக்கும் நிப்பாட்டவே கூடாது. யாருமே சொல்லலையா?” என்று கேட்டார். “ஒங்க அன்னவாசல் அரசு ஆசுபத்திரியிலயே அந்த மாத்திரை சும்மா குடுக்குறாங்களேம்மா” என்றார்.

ஐயா, அந்த ஆஸ்பத்திரி என் கணவரின் பட்டறையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அதன் தண்ணீர் மோட்டார் பழுதானால் இவர்தான் போய்ப் பார்ப்பார். ஜூனுக்கும் ஐப்பசிக்கும் இடையில்கூட ஒருமுறை போய் வந்தார்.

8. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் நான் செங்காந்தள் மருத்துவமனைக்குச் சென்றேன். வரவேற்பில் என் கணவரின் பெயரைச் சொன்னபோது, அப்படி ஒரு நோயாளியே பதிவில் இல்லை என்றார்கள். ஆய்வில் இருந்தவர்களுக்குப் பெயர் கிடையாதாம், எண் மட்டும்தானாம். வெகுநேரம் காத்திருந்தபின் மருத்துவர் சரவணக்குமாரைப் பார்க்க முடிந்தது. வருத்தம் தெரிவித்தார். பிறகு, “ஆய்வு ஜூன்லயே க்ளோஸ் ஆயிருச்சும்மா. அதுக்குப் பெறகு நடக்குறதுக்கு நாங்க பொறுப்பாக முடியாது” என்றார்.

மாத்திரையைத் தொடரச் சொல்லவில்லையே என்று கேட்டேன். “அது பொதுவா எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்தானே” என்றார். யாருக்குத் தெரியும் ஐயா? அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்ற எனக்கே தெரியவில்லை. காயில் கட்டுகிறவருக்கும், பரோட்டா போடுகிறவருக்கும், களை எடுக்கிறவருக்கும் எப்படித் தெரியும்? பழைய மாத்திரை அட்டையைக் கையிலிருந்து வாங்கிக்கொள்ளும்போது, அதைத் திரும்பச் சாப்பிடச் சொல்லும் கடமையையும் சேர்த்தே வாங்கிக்கொண்டீர்கள் என்று அவரிடம் சொன்னேன்.

பிறகு, என் கணவர் சாப்பாட்டுக் கட்டுப்பாடு இல்லாமல் இருந்திருப்பார் என்றார். இது சாப்பாட்டால் வரும் நோய் அல்ல என்று முகாமில் எங்களுக்குச் சொன்னவர் இதே மருத்துவர்தான். உயிரோடு இருப்பவரை ஆய்வில் சேர்க்கும்போது பரம்பரை, இறந்தபின் ஆட்டுக்கறியா?

9. மாத்திரையைத் தொடர்ந்திருந்தாலும் மாரடைப்பு வந்திருக்கலாம் என்றும் அவர் சொன்னார். இருக்கலாம் ஐயா. நான் அதை மறுக்கவில்லை. ஒரு மனிதரைப் பொறுத்தவரை அதை நிரூபிக்க யாராலும் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் கொழுப்பைக் குறைத்தால் மாரடைப்பு குறைகிறது என்ற நம்பிக்கையின் பேரில்தான் இந்த ஆய்வே நடந்தது. அந்த நம்பிக்கையைச் சொல்லித்தான் என் கணவரை வேனில் ஏற்றினார்கள். அப்படியானால் எல்லா மருந்தையும் ஒரே நாளில் பறித்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். ஊசி போட்டுப் பார்க்கத்தான் என் கணவர் சம்மதம் தந்தார். நிறுத்திப் பார்க்க அவர் சம்மதம் தரவில்லை.

10. என் கணவர் போனது போனதுதான். அன்று அந்த அறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வேறொன்று உறைத்தது. வேனில் வந்த மற்றவர்கள்? ஏறக்குறைய முப்பது பேர். அவர்களுக்கும் அதே நன்றியுரை, அதே டிபன் கேரியர், அதே ‘இனிமே வர வேணாம்’. அவர்களுக்காவது உடனே சொல்லிவிடுங்கள் என்று மருத்துவரிடம் கேட்டேன். ஆய்வு முடிந்தபின் அவர்களைத் தொடர்புகொள்ள நிறுவனத்தின் அனுமதி வேண்டும் என்றார். அப்படியானால் அவர்களுடைய முகவரிகளைக் கொடுங்கள், நான் போய்ச் சொல்கிறேன் என்றேன். “அது அவங்களோட அந்தரங்கம். சட்டப்படி குடுக்கக் கூடாதும்மா” என்றார்.

சட்டம் சரிதான். அந்நியரிடம் முகவரி தரக் கூடாது. ஆனால் நான் கேட்டது அவர்கள் உயிரோடு இருப்பதற்கு. நானும் சொல்லக் கூடாது, அவர்களும் சொல்ல மாட்டார்கள் என்றால், யார் சொல்வது? ஒவ்வொருவர் வீட்டிலும் சாவு விழுந்து, ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் அரசு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து தெரிந்துகொள்ள வேண்டுமா?

11. வேனில் பேசிக்கொண்டு வந்ததை வைத்து என் கணவர் வீட்டில் சொன்ன பெயர்களும் ஊர்களும் எனக்கு நினைவில் இருந்தன. சனி, ஞாயிறுகளில் பஸ் ஏறித் தேடத் தொடங்கினேன். முதலில் கண்டுபிடித்தது இலுப்பூரில் பரோட்டாக் கடை நடத்தும் சைபுல்லா அவர்களை. என் கணவர் இறந்த செய்தியைச் சொன்னதும் கல்லாவிலிருந்து எழுந்து வந்துவிட்டார். “ஐயனார் மாப்ளைக்கா? போன தடவை என்கூடத்தானே ஒக்காந்து வந்தாரு” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். “எனக்குத்தான் கொறஞ்சிருச்சே தங்கச்சி” என்றார்.

மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்குகிறது, அடுப்பு வெக்கை என்று நினைத்தேன் என்றும் அவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அதைக் கேட்டபின் நான் அவரை விடவில்லை. அவருடைய மனைவி ரஹீமா பீவியும் நானுமாக அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனோம். இதய இரத்தக் குழாய் ஒன்று ஏறக்குறைய முழுவதும் அடைபட்டிருந்தது. காப்பீட்டுத் திட்டத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் சில வாரம் போயிருந்தால் ஆளே இருந்திருக்க மாட்டார் என்றார்கள். இன்று கடையில் உட்கார்ந்து கணக்குப் பார்க்கும் அளவுக்குத் தேறியிருக்கிறார். மாத்திரையைத் தவறாமல் சாப்பிடுகிறார்.

ரஹீமா பீவி அதிகம் பேசாதவர். வார்டுக்கு வெளியே நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: “வேன் அனுப்பிக் கூட்டிட்டுப் போகத் தெரிஞ்சவங்களுக்கு, ஒரு போன் போட்டுச் சொல்ல மட்டும் வாய் வலிக்குதாக்கும்.”

12. அடுத்து வல்லத்திராக்கோட்டையில் பிச்சையம்மாள் என்பவரைக் கண்டுபிடித்தேன். கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது எதையும் அவர் நம்பவில்லை. “பெரிய டாக்டரே சால்வை போத்தி, நல்லாயிட்டேன்னு அனுப்பி வச்சாரு. நீ யாரு ஆத்தா வந்து என்னையப் பயங்காட்டுற? மாத்திரை விக்கிறியா?” என்று கேட்டார். என் கணவரின் படத்தைக் காட்டினேன். அவரை நினைவிருந்தது. படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு, “அந்தத் தம்பிக்கு விதி அப்புடி. எனக்கு ஒன்னுன்னா ஆசுபத்திரிக்காரவுக சொல்லாமலா இருப்பாக? அவுக சொல்லட்டும், நான் திங்கிறேன்” என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்து வேலையைப் பார்க்கத் தொடங்கினார்.

இரண்டாம் முறையும் போனேன். அதே பதில்தான். சிங்கப்பூரில் இருக்கும் அவருடைய மகன் அய்யப்பனிடம் தொலைபேசியில் பேசினேன். அவர் பதறிப்போய்த் தாயிடம் பேசியும் பார்த்துவிட்டார். அந்த அம்மாளுக்கு மருத்துவமனையின் மீதுள்ள நம்பிக்கையை யாராலும் அசைக்க முடியவில்லை. அவ்வளவு பெரிய நம்பிக்கையைப் பெற்றுக்கொண்டவர்கள்தான் ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி இல்லை என்கிறார்கள். இம்மனுவை எழுதும் இன்றுவரை அவர் மாத்திரை எடுத்துக்கொள்ளவில்லை.

இதுவரை என்னால் கண்டுபிடிக்க முடிந்தது ஏழு பேரை மட்டுமே. நான் போய்ச் சொல்லும்வரை அந்த ஏழு பேரில் ஒருவர்கூட மாத்திரையைத் தொடரவில்லை. ஒருவரிடம்கூடத் தொடரச் சொல்லப்படவில்லை. மற்றவர்களின் ஊரும் எனக்குத் தெரியாது, பெயரும் தெரியாது. அவர்களில் யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்பதும் தெரியாது.

13. மருத்துவமனையின் நெறிமுறைக் குழுவுக்கு எழுத்து மூலம் முறையிட்டேன். ஆய்வில் பங்கேற்பவர்களின் நலனைக் காக்கவே அப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். ‘தங்கள் கடிதம் கவனத்தில் கொள்ளப்பட்டது’ என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. மீண்டும் எழுதினேன். பதிலே இல்லை.

அந்தப் பெண் அருணா மீது எனக்குத் தாங்க முடியாத ஆத்திரம் இருந்தது. அவர் இப்போது வேலையை விட்டுவிட்டார். யார் மூலமோ செய்தி தெரிந்து அவரே என்னைத் தொலைபேசியில் அழைத்தார். வெகுநேரம் அழுதார். “அக்கா, மாத்திரைய நிறுத்தச் சொல்லுன்னு என்ட்ட யாரும் சொல்லல. தொடரச் சொல்லுன்னும் யாரும் சொல்லலக்கா. புட்டியத் திருப்பி வாங்கணும், கையெழுத்து வாங்கணும்னு மட்டுந்தான் சொன்னாங்க. நானா ஏதாச்சும் சொல்லி மாட்டிக்கக் கூடாதுன்னு இருந்துட்டேன்” என்றார். விசாரணைக்கு அழைத்தால் வந்து இதையே சொல்வதாகவும் ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் எல்லாப் பழியையும் இருபத்து நாலு வயதுப் பெண்ணின் தலையில் போட்டுவிட்டு மருத்துவரும், குழுவும், நிறுவனமும் கைகழுவிக்கொள்ளத் தாங்கள் அனுமதிக்கக் கூடாது.

14. எங்களுக்கு ஒரே மகள், வைஷ்ணவி. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். நோய் பிள்ளைகளுக்கும் வரலாம் என்று சொன்ன மருத்துவமனை, இரண்டு ஆண்டுகளில் ஒருமுறைகூட அவளுடைய இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லவில்லை. ஆய்வுக்கு அவள் தேவைப்படவில்லை போலும். நானே அழைத்துச் சென்று அரசு மருத்துவமனையில் பரிசோதித்தேன். அவளுக்கும் அதே நோய் இருக்கிறது. இப்போதே கண்டுபிடித்தது நல்லது, மாத்திரையைத் தவறாமல் சாப்பிட்டு வந்தால் எல்லோரையும்போல் நீண்ட நாள் வாழலாம் என்று மருத்துவர் அவளிடமே நேரில் சொன்னார். அவர் பேசி முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் என் மகள் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு, “ஏம்மா, இதை அப்பாட்ட யாருமே சொல்லலையா?” என்று கேட்டாள்.

15. எனவே, தங்களிடம் நான் வேண்டுவன பின்வருமாறு. இழப்பீட்டுத் தொகை கேட்டு இம்மனுவை எழுதவில்லை. அதற்குரிய சட்ட வழிகள் இருந்தால் அவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்கிறேன். இப்போது அவசரம் வேறு.

(அ) மேற்படி ஆய்வில் பங்கேற்ற அனைவரின் விவரங்களையும் மருத்துவமனையிடமிருந்து தங்கள் அதிகாரத்தின் மூலம் பெற்று (எனக்கு எதுவும் தர வேண்டியதில்லை), அந்தந்த ஊர் கிராம சுகாதாரச் செவிலியர் வழியாக ஒவ்வொருவரையும் வீடு தேடிச் சென்று, மாத்திரையைத் தொடர வேண்டும் என்று சொல்ல உத்தரவிட வேண்டும்.

(ஆ) மருத்துவர் சரவணக்குமாரே அவர்கள் ஒவ்வொருவரிடமும் தன் வாயால், அவர்களுக்குப் புரியும் தமிழில் பேச வேண்டும். வேறொருவர் சொன்னால் நம்பாதவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையைப் பெற்றவரே அதைச் சரியான வழிக்குத் திருப்பவும் வேண்டும்.

(இ) அவர்களுக்கும், அவர்களுடைய பிள்ளைகளுக்கும், உடன்பிறந்தவர்களுக்கும் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

(ஈ) ஜூன் மாதத்துக்குப் பின் அவர்களில் எவரேனும் இறந்திருந்தால், அதன் காரணம் விசாரிக்கப்பட வேண்டும். என் கணவரின் இறப்பு உட்பட அனைத்தும், மருத்துவ ஆய்வுகளைக் கண்காணிக்கும் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்குத் தங்கள் அறிக்கையுடன் அனுப்பப்பட வேண்டும்.

(உ) இவை நடந்து முடியும்வரை மேற்படி மருத்துவமனை இம்மாவட்டத்தில் புதிய ஆய்வு எதற்கும் ஆள் சேர்க்கக் கூடாது. போன மாதம் இலுப்பூரில் சர்க்கரை நோய்க்கு அடுத்த முகாம் நடத்தியிருக்கிறார்கள். அதே வேன்தான் வந்து நின்றது.

16. இம்மனு முறைப்படி பதிவாகி, உரிய அலுவலருக்கு அனுப்பப்பட்டு, அவர் அறிக்கை கேட்டு, அறிக்கை வந்து, அதன்மேல் குறிப்பு எழுதப்படும் என்பதை அறிவேன். விசாரணைக்கு அந்தக் காலம் தேவைதான். எத்தனை மாதமானாலும் அழைக்கும் நாளில் வந்து நிற்கிறேன். ஆனால் (அ), (ஆ) ஆகிய இரண்டு வேண்டுகோள்களும் கோப்பில் காத்திருக்கக் கூடியவை அல்ல. இந்த மாவட்டத்தில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள், தங்கள் நோய் தீர்ந்துவிட்டது என்ற நிம்மதியோடு இன்று காலையும் எழுந்து வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களை எனக்குத் தெரியாது. அவர்களைத் தெரிந்தவர்கள் வாய் திறக்க மறுக்கிறார்கள். அவர்களை வாய் திறக்க வைக்கும் அதிகாரம் தங்களிடம் இருக்கிறது. இந்தத் தாளை மடித்து வைப்பதற்கு முன் அந்த மருத்துவமனைக்கு ஒரு அழைப்பு விடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பதில் தெரியும்வரை தங்கள் அலுவலக வளாகத்திலேயே காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
ஐ. கலைமதி

இடம்: புதுக்கோட்டை
நாள்: 09.02.2026, திங்கட்கிழமை

இணைப்பு: இறப்புச் சான்று நகல், என் கணவரின் ஆய்வு அடையாள அட்டை நகல், மகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கை நகல், சைபுல்லா – ரஹீமா பீவி தம்பதியர் கையொப்பமிட்ட வாக்குமூலம்.